தோட்ட ஆபிஸ் சேர்வரின் பாதுகாப்பு எச்சரிக்கைகளை ஈமெயிலில் பெறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பலாங்கொடை, இறக்குவானை, யட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று சப்ரகமுவ முழுக்கப் பல தோட்ட ஆபிஸ்களில் இன்று சம்பளம் போடுவது கணினிதான். இந்த மாதம் யாருக்கு எத்தனை முழுநாள் பேர், யாருக்கு அரைநாள் பேர், எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை கிலோ இறப்பர் பால், முற்பணம் எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்தாயிற்று என்ற அத்தனையும் ஆபிஸ் மூலையில் இருக்கும் ஒரே ஒரு கணினிக்குள் கிடக்கின்றன. அதைத்தான் எல்லோரும் சேர்வர் என்கிறார்கள். சிறுதோட்டக்காரரிடம் கொழுந்து வாங்கும் பெக்டரிகளிலும் இதே நிலைமைதான்.

அந்தக் கணினிக்குள் யார் நுழைந்தார், யார் நுழையப் பார்த்து முடியாமல் போனார், யார் புதிய கணக்குத் திறந்தார் என்பதையெல்லாம் விண்டோஸ் தானாகவே எழுதி வைக்கிறது. எழுதி வைத்ததை வாசிக்கத்தான் ஆள் இல்லை. முக்கியமான சில சம்பவங்கள் நடந்த உடனேயே உங்கள் கைபேசிக்கு ஒரு ஈமெயில் வரும்படி செய்ய இந்த வழிகாட்டி உதவும். புதிதாக எந்த மென்பொருளும் வாங்கத் தேவையில்லை.

திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை அதே ஒலியில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். சத்தமாக வாசித்தால் எந்த பட்டன் என்று தெரிந்துவிடும்.

## இது யாருக்கோ நடக்கும் காரியம் இல்லை

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் கட்டமைப்பை, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகள் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குப் பாதுகாப்புப் பிரதி இருக்கவில்லை. அவை போயே போய்விட்டன. காலாவதியான பழைய மின்னஞ்சல் மென்பொருள் அங்கே பாவனையில் இருந்ததும் பிறகு வெளியே வந்தது.

கொழும்பில், நிபுணர்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே இது நடந்தது. தோட்ட ஆபிஸிலோ கணினிக்கென்று தனி ஆள் கிடையாது. சம்பளக் கிளார்க்தான் பிரிண்டருக்கும் ரவுட்டருக்கும் பொறுப்பு. எட்டாம் திகதி இரவு சம்பளக் கோப்புகள் பூட்டப்பட்டால், பத்தாம் திகதி காசு கிடைக்காமல் நிற்கப்போவது லயத்தில் இருக்கும் குடும்பங்கள். கடைக் கடன் முதல் பிள்ளையின் டியூஷன் காசு வரை அந்தத் திகதியை நம்பித்தான் ஓடுகிறது.

விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவு, அதாவது லொக், அதே கணினிக்குள் இருப்பது போதாதா என்று கேட்கலாம். உள்ளே வந்த ஆளுக்கு நிர்வாகி அதிகாரம் கிடைத்துவிட்டால், லொக்கை அழிக்க அவருக்கு ஒரு நொடி போதும். அதற்கு முன்னரே கணினியை விட்டு வெளியேறிவிட்ட ஈமெயிலை அவரால் எட்ட முடியாது. இத்தனை வேலையும் அதற்காகத்தான்.

## தொடங்குமுன் வேண்டியவை

விண்டோஸ் 10 அல்லது 11இன் புரோ பதிப்பு, இல்லையென்றால் விண்டோஸ் சேர்வர். ஹோம் பதிப்பில் நமக்கு வேண்டிய பாதுகாப்புக் கொள்கைச் சாளரம் கிடையாது. நிர்வாகி பாஸ்வேர்ட், இணைய இணைப்பு, ஒரு யூபிஎஸ் ஆகியவையும் வேண்டும். முக்கியமாகத் தோட்ட முகாமையாளரின் அனுமதி வேண்டும். அடுத்தவரின் கணினியில், நல்லதற்காக என்றாலும், கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாத நுழைவைக் குற்றமாகவே பார்க்கிறது.

## படி 1: லொக்கைத் திறந்து பாருங்கள்

தேடல் பெட்டியில் ஈவென்ட் வியூவர் என்று தட்டச்சு செய்து திறவுங்கள். இடப்பக்கம் விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் செக்யூரிட்டி. ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும், மிரள வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் ஈவென்ட் ஐடி என்று ஓர் இலக்கம் உண்டு. நமக்கு வேண்டியது அந்த இலக்கம்தான்.

வலப்பக்கம் ஃபில்டர் கரன்ட் லொக் என்பதை அழுத்தி, இலக்கப் பெட்டியில் 4625 என்று இடுங்கள். பாஸ்வேர்ட் பிழைத்துத் திருப்பி அனுப்பப்பட்ட முயற்சிகள் மட்டும் மிஞ்சும். ஒன்றை இரண்டு முறை அழுத்தித் திறந்தால் எந்தக் கணக்கின் பெயரில் முயன்றார்கள், எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தார்கள் என்பது தெரியும். லொகன் டைப் என்ற வரியையும் பாருங்கள். 2 என்றால் அந்தக் கணினியின் முன்னாலேயே உட்கார்ந்து தட்டியிருக்கிறார்கள். 3 என்றால் வலையமைப்பு வழியாக வந்திருக்கிறார்கள். ரிமோட் டெஸ்க்டொப்பில் தோற்ற முயற்சிகளும் பெரும்பாலும் 3 என்றே பதிவாகும்; அதனால் ரிமோட் டெஸ்க்டொப்புக்கான 10ஐ மட்டும் தேடி ஏமாறாதீர்கள்.

இந்த வடிகட்டலிலேயே, தெரியாத வெளிநாட்டு ஐபி முகவரிகளிலிருந்து ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முயற்சிகள் தெரிந்தால், உங்கள் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டொப்புக்கான 3389ஆம் இலக்கக் கதவு (போர்ட்) திறந்து கிடக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. கணக்கு மென்பொருள் விற்றவர் தூரத்திலிருந்து திருத்தம் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று யாரோ என்றைக்கோ திறந்து வைத்திருப்பார்கள். வழிகாட்டியின் மிச்சத்தை வாசிக்குமுன் அதை மூடுங்கள். தூரத்திலிருந்து வர வேண்டியவர் விபிஎன் வழியாக வரட்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

## படி 2: எழுத வேண்டியதை எழுதுகிறதா?

தேடல் பெட்டியில் லோக்கல் செக்யூரிட்டி பொலிசி என்று தேடித் திறவுங்கள். அட்வான்ஸ்ட் ஓடிட் பொலிசி பகுதிக்குள் லொகன், யூசர் அக்கவுன்ட் மனேஜ்மென்ட், செக்யூரிட்டி குரூப் மனேஜ்மென்ட் ஆகிய மூன்றிலும் சக்சஸ், ஃபெயிலியர் இரண்டையும் குறியிடுங்கள்.

அதே சாளரத்தில் அக்கவுன்ட் லொக்அவுட் பொலிசி இருக்கிறது. பத்து முறை பாஸ்வேர்ட் பிழைத்தால் கணக்கு பத்து நிமிடம் பூட்டப்படும்படி வையுங்கள். பழைய விண்டோஸ்களில் இது பூச்சியம் என்றிருக்கும். அதாவது விடிய விடிய முயன்றாலும் பூட்டாது.

அடுத்தது லொக்கின் அளவு. பல கணினிகளில் அது 20 மெகாபைட்தான். நிரம்பியதும் பழையதன்மேல் புதியது எழுதப்படும். ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி மேல் வலது கிளிக் செய்து, புரொப்பர்டீஸ் சென்று 200 மெகாபைட் அளவுக்குக் கூட்டிவிடுங்கள்.

கணினியின் மணிக்கூட்டையும் பாருங்கள். நேர வலயம் இலங்கை நேரமாக இருக்க வேண்டும். ஈவென்ட் வியூவரில் ஒரு சம்பவத்தின் டீடெய்ல்ஸ் பகுதியில் தெரியும் நேரம் சர்வதேச நேரம். நம்முடையதைவிட 5 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கும். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு நடந்தது அங்கே முந்தைய நாள் மாலை 7.30 என்று தெரியும். அந்த வேளையில் ஆபிஸில் இருந்த ஒருவர்மேல் வீண் சந்தேகம் விழ இது ஒன்றே போதும்.

## படி 3: எதற்கெல்லாம் ஈமெயில் வர வேண்டும்?

ஆரம்பத்தில் இருப்பவர்கள் தடுமாறும் இடம் இது. எல்லாவற்றுக்கும் ஈமெயில் வரட்டும் என்று வைத்தால் முதல் நாளே பெட்டி நிரம்பும். மூன்றாம் நாள் திறக்காமலே அழிப்பீர்கள். நான்காம் நாள் வரும் உண்மையான எச்சரிக்கையும் அதோடு போகும்.

இரத்தினபுரி, கேகாலை மலைகளில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கையைப் படிநிலையாகப் பிரிப்பது புதிதில்லை. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு, 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகு, 150ஐத் தாண்டினால் வெளியேறு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவுகளை, 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். சேர்வரின் சம்பவங்களையும் அப்படியே மூன்றாகப் பிரியுங்கள்.

உடனே எழும்பிப் பார்க்க வேண்டியவை. 1102: செக்யூரிட்டி லொக் அழிக்கப்பட்டது. சாதாரண நாளில் இதைச் செய்ய யாருக்கும் தேவை வராது. 4720: புதிய பயனர் கணக்கு திறக்கப்பட்டது. 4732: ஒரு கணக்கு உள்ளூர்க் குழு ஒன்றில் சேர்க்கப்பட்டது. அந்தக் குழு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்றிருந்தால் விஷயம் பெரிது. 5001: விண்டோஸ் டிஃபென்டரின் நேரடிப் பாதுகாப்பு நிறுத்தப்பட்டது. 1116: டிஃபென்டர் தீநிரல் ஒன்றைக் கண்டது. கடைசி இரண்டும் செக்யூரிட்டி லொக்கில் இருக்காது. அப்ளிகேஷன்ஸ் அன்ட் சர்விசஸ் லொக்ஸ், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபென்டர், ஒப்பரேஷனல் என்று படிப்படியாக உள்ளே போக வேண்டும்.

அன்றே பார்க்க வேண்டியவை. 4740: கணக்கு பூட்டப்பட்டது. சிஸ்டம் லொக்கில் 7045: புதிய சர்விஸ் ஒன்று நிறுவப்பட்டது. பிரிண்டர் டிரைவர் போட்டாலும் 7045 வரலாம். ஆகவே பதற வேண்டாம், பார்க்காமலும் விட வேண்டாம்.

எண்ணிக்கையாக மட்டும் பார்க்க வேண்டியவை. 4625. காலையில் அவசரமாக பாஸ்வேர்ட் அடிக்கும் எவருக்கும் ஒன்றிரண்டு பிழைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஈமெயில் வேண்டாம். 15 நிமிடத்தில் பத்தைத் தாண்டினால் ஒரே ஒரு ஈமெயில் போதும்.

வெற்றிகரமாக நுழைந்ததைச் சொல்லும் 4624ஐத் தொடாதீர்கள். விண்டோஸின் உள் வேலைகளுக்கே அது நாளுக்குப் பல நூறு தடவை எழுதப்படும். மின்சாரம் போய்த் திடீரென அணைந்ததைக் காட்டும் 6008ஐயும் விடுங்கள். ஏப்ரல் இடி மழைக் காலத்தில் அது வந்துகொண்டே இருக்கும்.

## படி 4: அனுப்புவதற்கு ஒரு தனிக் கணக்கு

தோட்டத்தின் வழமையான மின்னஞ்சலையோ உங்கள் சொந்தக் கணக்கையோ பாவிக்க வேண்டாம். எச்சரிக்கை அனுப்புவதற்கென்றே புதிய ஜீமெயில் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். கூகுள் 2022 மே 30க்குப் பிறகு, சாதாரண பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளி மென்பொருள் நுழைவதை நிறுத்திவிட்டது. ஆகவே முதலில் அந்தக் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறகு அப் பாஸ்வேர்ட் என்ற பகுதிக்குப் போனால் 16 எழுத்துகள் கொண்ட தனிச் சொல் ஒன்று தரப்படும். ஒரே ஒரு முறைதான் காட்டும். அதைச் சுவரில் ஒட்ட வேண்டாம், சேர்வரிலும் எழுதி வைக்க வேண்டாம். அடுத்த படியில் நேரடியாக இடுங்கள்.

பெறுநர்கள் குறைந்தது இருவர். ஒருவர் தோட்டத்தில் இருப்பவர், மற்றவர் தலைமை அலுவலகத்திலோ வெளியூரிலோ இருப்பவர். தோட்டத்தில் சிக்னல் இல்லாத இரவிலும் ஒருவருக்காவது போய்ச் சேர வேண்டும்.

## படி 5: ஈமெயிலை அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட்

பழைய விண்டோஸில் டாஸ்க் ஷெடியூலரே நேரடியாக ஈமெயில் அனுப்பியது. விண்டோஸ் 8, சேர்வர் 2012 காலத்திலிருந்து மைக்ரோசொஃப்ட் அந்த வசதியைக் கைவிட்டுவிட்டது. ஆகவே பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று எழுத வேண்டும். மைக்ரோசொஃப்டின் உதவிப் பக்கங்களில் இதற்கான கட்டளை வரிகள் மாதிரியோடு கிடைக்கும். ஸ்கிரிப்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், இதை இயக்குவதற்கென்று சேர்வரில் ஒரு சாதாரண பயனர் கணக்கு திறவுங்கள். நிர்வாகி அதிகாரம் வேண்டாம். ஈவென்ட் லொக் ரீடர்ஸ் என்ற குழுவில் சேர்த்தால் செக்யூரிட்டி லொக்கை வாசிக்க அது போதும். லோக்கல் செக்யூரிட்டி பொலிசியில் லொகன் அஸ் எ பட்ச் ஜொப் என்ற உரிமையையும் அந்தக் கணக்குக்குக் கொடுங்கள்.

அந்தக் கணக்கிலேயே ஒரு முறை உள்ளே போய், கெட்-கிரெடென்ஷியல் கட்டளையால் 16 எழுத்துச் சொல்லை இட்டு, எக்ஸ்போர்ட்-கிளிஎக்ஸ்எம்எல் கட்டளையால் கோப்பாகச் சேமியுங்கள். விண்டோஸ் அதை மறைகுறியாக்கி வைக்கும். எந்தக் கணக்கு சேமித்ததோ அதே கணக்கு, அதே கணினியில் மட்டும்தான் அதைத் திறக்க முடியும். நீங்கள் உங்கள் கணக்கில் சேமித்துவிட்டு டாஸ்க்கை வேறு கணக்கில் ஓடவிட்டால் ஈமெயில் போகாது. காரணமும் லேசில் பிடிபடாது.

பிறகு ஸ்கிரிப்ட். கெட்-வின்ஈவென்ட் கட்டளையால் குறிப்பிட்ட இலக்கத்தின் கடைசிச் சம்பவத்தை எடுக்க வேண்டும். அதன் நேரம், கணினியின் பெயர், விவரம் ஆகியவற்றை உடலில் வைத்து, சென்ட்-மெயில்மெசேஜ் கட்டளையால் அனுப்ப வேண்டும். அனுப்பும் சேர்வர் ஜீமெயிலின் எஸ்எம்டிபி முகவரி, போர்ட் 587, எஸ்எஸ்எல் இயக்கத்தில். இந்த அனுப்பும் கட்டளையைப் பழையது என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்துவிட்டாலும் இன்னும் வேலை செய்கிறது. தொடக்கத்துக்கு இதுவே எளிது.

தமிழில் தலைப்பு வைக்கிறீர்களா? தாராளமாக வையுங்கள், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கட்டளையில் என்கோடிங் யூடிஎஃப்8 என்று குறிப்பிட வேண்டும்; ஸ்கிரிப்ட் கோப்பையும் பொம் உடன் கூடிய யூடிஎஃப்-8 வடிவத்தில் சேமிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் எழுத்துகள் சிதையும். வெறும் கேள்விக்குறிகள்கூட வரலாம். தலைப்பு இப்படி இருந்தால் திரையைப் பார்த்த உடனே புரியும்:

அவசரம்: ஆபிஸ் சேர்வரில் புதிய கணக்கு திறக்கப்பட்டுள்ளது (4720)

இன்னொன்று, மீண்டும் முயலும் வரி. மழைக்கு 4ஜி இணைப்பு அறுவது நமக்குப் பழகியது. ஈமெயில் போகவில்லையென்றால் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி முயலும்படி, அப்படிப் பல தடவை செய்யும்படி ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதுங்கள். டாஸ்க் ஷெடியூலரில் உள்ள மறுதொடக்க வசதியை இதற்காக நம்ப முடியாது. ஸ்கிரிப்ட் தோற்றாலும் பல வேளை அது வேலை முடிந்தது என்றே கணக்கு வைக்கும்.

## படி 6: சம்பவத்தோடு ஸ்கிரிப்டைக் கட்டுங்கள்

டாஸ்க் ஷெடியூலரைத் திறந்து கிரியேட் டாஸ்க் அழுத்துங்கள். ஜெனரல் பக்கத்தில் ஓடவேண்டிய கணக்காக நீங்கள் உருவாக்கியதைக் கொடுத்து, பயனர் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்ற தெரிவைக் குறியிடுங்கள். டிரிகர் பக்கத்தில் ஒன் அன் ஈவென்ட். லொக் செக்யூரிட்டி, சோர்ஸ் வெறுமையாக, இலக்கம் 1102. அக்ஷன் பக்கத்தில் பவர்ஷெல்லும் உங்கள் ஸ்கிரிப்ட் கோப்பின் பாதையும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் இப்படி ஒரு டாஸ்க். 4625க்கு மட்டும் சம்பவ டிரிகர் வேண்டாம். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடி, அந்த இடைவெளியில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் டாஸ்க்காக வையுங்கள்.

கண்டிஷன்ஸ் பக்கத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள். மின்சாரத்தில் இயங்கும்போது மட்டும் தொடங்கு என்று அங்கே முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். யூபிஎஸ்ஸை யூஎஸ்பி வயரால் சேர்வரோடு இணைத்திருந்தால், விண்டோஸ் அதை பற்றரியாகவே பார்க்கும். கரண்ட் போன நேரம் பார்த்து எச்சரிக்கை ஓடாமல் நிற்கும். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு டாஸ்க்: ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்கு, சேர்வர் நலம் என்று ஓர் ஈமெயில். இடி விழுந்து ரவுட்டர் கருகியிருக்கலாம், ஜீமெயில் கணக்கு பூட்டப்பட்டிருக்கலாம், யாராவது டாஸ்க்கையே நிறுத்தியிருக்கலாம். எதுவானாலும் காலை ஈமெயில் வராத அன்று உங்களுக்குத் தெரிந்துவிடும். என் பார்வையில் 1102க்கு அடுத்தபடி பெறுமதியானது இதுதான்.

## படி 7: வேண்டுமென்றே பிழை செய்து பாருங்கள்

சோதனை என்ற பெயரில் ஒரு பயனர் கணக்கு திறந்து பாருங்கள். 4720 ஈமெயில் வர வேண்டும். கூடவே 4732ம் வரலாம். புதிய கணக்கு யூசர்ஸ் குழுவில் சேர்வதால் அப்படி நடக்கும்.  அந்தப் பெயரில் தொடர்ந்து பாஸ்வேர்டைப் பிழையாக அடித்து 4740, 4625 இரண்டையும் பார்க்கலாம். சோதித்ததும் கணக்கை அழித்துவிடுங்கள். 1102ஐச் சோதிக்க லொக்கை அழிக்கத்தான் வேண்டும். அழிக்குமுன் சேவ் அன்ட் கிளியர் தெரிவால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் அந்த முகவரியிலிருந்து வருபவைக்குத் தனி லேபலும் தனி ஒலியும் வையுங்கள். முதல் ஈமெயில் ஸ்பாமில் விழுந்திருந்தால் அங்கிருந்து வெளியே எடுங்கள்.

## எச்சரிக்கை வந்துவிட்டால்

முதலில் கேளுங்கள்: முகாமையாளரோ மென்பொருள்காரரோ இதைச் செய்தாரா? பாதி வேளை பதில் ஆம் என்றுதான் வரும். இல்லை என்றால், சேர்வரிலிருந்து வலையமைப்பு வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். கணினியை அணைக்க வேண்டாம். தடயம் அதன் நினைவகத்தில் இருக்கலாம். நேரத்தையும் செய்ததையும் தாளில் எழுதுங்கள். பாஸ்வேர்ட்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். தலைமை அலுவலகத்துக்கும், 2006இல் அமைக்கப்பட்ட ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். தொழிலாளரின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் வெளியே போயிருக்கக்கூடும் என்றால் அது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விஷயம். மூடி மறைக்கக் கூடாது.

ஈமெயில் எச்சரிக்கை பூட்டப்பட்ட கோப்பைத் திருப்பித் தராது. வாரம் ஒரு முறை சம்பளத் தரவை வெளி வன்தட்டில் எடுத்து, எடுத்த பின் கழற்றி வையுங்கள். செருகியபடியே விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

## சேர்வர் லினக்ஸ் என்றால்

உபுண்டுவில் வேலை இன்னும் இலகு. ஃபெயில்டுபேன் நிறுவினால், தொடர்ந்து பிழையான பாஸ்வேர்ட் அடிக்கும் முகவரியைத் தானே தடுக்கும்; அமைப்பில் சொல்லிவைத்தால் ஈமெயிலும் அனுப்பும். லொக்வாட்ச் நாளுக்கு ஒரு தடவை தொகுப்பு அறிக்கை தரும். கோப்புகளை நாஸ் எனும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புப் பக்கத்தில் நோட்டிஃபிகேஷன் பகுதியைத் தேடுங்கள். ஸ்கிரிப்ட் எதுவும் தேவைப்படாது.

## ஆள் மாறும்போது

கிளார்க்மார் இடமாற்றம் பெற்றுப் போவது தோட்டத்தில் சாதாரணம். பெறுநர் பட்டியலில் பழையவரின் முகவரியே கிடந்தால் எச்சரிக்கை வேறு தோட்டத்தில் இருப்பவருக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆபிஸ் சாவி கைமாறும் அன்றே பெறுநர் முகவரியையும் அப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பொறுப்பேற்பவர் கையால் ஒரு சோதனைக் கணக்குத் திறக்கச் சொல்லி, ஈமெயில் அவருடைய கைபேசிக்கு வருகிறதா என்று பாருங்கள். ஏழு படிகளையும் ஒரே மூச்சில் முடிக்க நேரம் இல்லாதவர்கள் 1102, 4720, காலை எட்டு மணி ஈமெயில் ஆகிய மூன்றை மட்டுமாவது அடுத்த சம்பளத் திகதிக்கு முன் அமைத்துவிடுங்கள்.